கோடு போடாத பொருள்கள்

சிங்கப்பெருமாள் கோயில்,
8.6.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ரேணுகா எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர் கார்த்தி, குழந்தை அனு, மாமியார், மாமனார், கொழுந்தன்கள் எல்லோரும் நலம். புதுப்பட்டினத்தில் நீயும் மாமாவும் எப்படி? உன் உடம்பு எப்படி இருக்கிறது? முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி சண்டை.

அம்மா திவசத்துக்கு நீ வரவில்லை. போன வருஷமும் வரவில்லை. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரம். அதற்குப் பதிலாகத் தபாலில் என்ன வருகிறது? வாரப் பத்திரிகையில் கத்தரித்த துண்டு. மனசு லேசாக இருக்க வீட்டை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்று எவனோ எழுதியிருக்கிறான். ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, நான்காக மடித்து அனுப்பியிருக்கிறாய். படித்து என் மனசு லேசாகவில்லை. அடுப்பில் போடத்தான் கை வந்தது.

என் வீட்டுக் காலையை அந்த ஆள் வந்து பார்க்கட்டும். மறைமலை நகர் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வந்து ஹாரன் அடிக்கும்போது நான் கார்த்தியின் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன். சாவி கிடைத்தால் சின்னக் கொழுந்தனுக்குப் பெல்ட் இல்லை. பெல்ட் கிடைத்தால் மாமனாருக்கு மூக்குக் கண்ணாடி இல்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் தேடிக் கொடுத்துவிட்டு ஓடினால் பஸ் போயிருக்கும். இந்த மாதம் சூப்பர்வைசர் இரண்டு முறை முறைத்துவிட்டார். இதில் நான் எங்கே போய் மனசை லேசாக்குவது?

சரி, முக்கியமான விஷயம். தை மாதம் அனுவுக்குக் காதுகுத்து. நமக்கு அண்ணன் தம்பி இல்லை என்பதை மாமியார் நேற்று ஞாபகப்படுத்தினார். "இன்னாடி, மாமன் இல்லாத புள்ளைய யார் மடியில குந்தவெச்சிக் காது குத்துவ? கோயில் தூண் மேலயா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "எங்க அக்கா மடியில" என்று சொல்லிவிட்டேன். "பொம்பள மடியிலயா? எந்த ஊர்லடி கீது இந்த வழக்கம்?" என்று அவர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும். அனு உன் மடியில்தான் உட்காருவாள். நீ வந்தே ஆக வேண்டும். வருவேன் என்று ஒரு வரி எழுது, போதும். பத்திரிகைத் துண்டு வேண்டாம்.

கோபத்துடன்,
ரேணு


புதுப்பட்டினம்,
20.6.1997

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

பார்வதம் ஆசியுடன் எழுதியது. உன் கடிதம் வந்தது. இங்கே மாமா சுகம். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு நல்ல பெயர். அனுக்குட்டிக்கு என் முத்தம்.

இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது. குவியலாகப் பார்ப்பதால்தான் உனக்கு மலைப்பு வருகிறது. குவியலைப் பார்க்காதே. தினம் ஒரு பொருள், அவ்வளவுதான். ஒன்றை எடு, அதற்கு ஓர் இடம் கொடு, அதோடு விட்டுவிடு. மறுநாள் இன்னொன்று. அவசரப்படாமல் செய்தால் எதையும் செய்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சுவரில் அதனதன் உருவத்தைக் கோடாக வரைந்திருப்பார்களாம். எடுத்தவன் திருப்பி வைக்காவிட்டால் கோடு மட்டும் காலியாகத் தெரியும். அதே மாதிரி நம் சமையலறைச் சுவரிலும் மாமாவே கறுப்புப் பெயிண்டால் வரைந்து கொடுத்திருக்கிறார். தோசைத் திருப்பிக்கு ஒன்று, குழம்புக் கரண்டிக்கு ஒன்று, கத்தரிக்கோலுக்கு ஒன்று. சாயங்காலம் வந்ததும் ஒரு பார்வை பார்ப்பார். எல்லாம் நிரம்பியிருக்கும்.

சாவி தேடி நீ படுகிற பாடு எனக்கு இல்லை. இந்த வீட்டுக்கு ஒரே சாவி, அது அவரிடமே இருக்கும்.

இன்னொன்றும் செய்து பார். காலையில் எழுந்ததும் அன்றைக்கு நடக்கப்போகிற ஒரு நல்ல காரியத்தை நினைத்துக்கொள். நான் அப்படித்தான் செய்கிறேன். மீன்காரி சின்னப்பொண்ணு இன்று வருவாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருப்பேன்.

காதுகுத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே. மாமாவைக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பார்வதம்


சிங்கப்பெருமாள் கோயில்,
2.7.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் கோபமும் நலம். மாமா சுகம் என்று எழுதினாய். உன் உடம்பு எப்படி என்றுதான் நான் கேட்டிருந்தேன்.

நீ சொன்னபடி வேன் சாவிக்கு வாசல் பக்கம் ஓர் ஆணி அடித்தேன். மறுநாள் அதில் மாமியாரின் வெற்றிலைப் பை தொங்கியது. அதற்கு மறுநாள் கொழுந்தனின் ஈரத் துண்டு. சாவி எங்கே? மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டை மேல். உன் ஒழுங்கெல்லாம் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் சரிப்படும். புள்ளை குட்டி இல்லாத வீட்டில் கரண்டி தன்னால் நகர்ந்து போகுமா என்ன? கை எழுதிவிட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

கரண்டிக்குக் கோடு போட்ட கதையைக் கார்த்தியிடம் படித்துக் காட்டினேன். புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். "உங்க மாமா பெரிய பேஜாரு புடிச்ச ஆளா கீறாரே" என்றார். ஜாக்கிரதையாக இரு அக்கா, ஒரு நாள் உன்னையும் சுவரோரம் நிற்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டுவிடப் போகிறார். கோட்டை விட்டு நீ நகர்ந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

விளையாட்டு போதும். தைக்கு வருவாயா மாட்டாயா? மாமாவை என்ன கேட்பது? ஒரு நாள் லீவு போட மாட்டாரா? லீவு இல்லையென்றால் நீ தனியாக வா. நீ என்ன பச்சைக் குழந்தையா?

கேள்விகளுடன்,
ரேணு


புதுப்பட்டினம்,
25.8.1997

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

மாமா சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். மாமாதான் சத்தமாகப் படித்தார். உன் விளையாட்டுப் பேச்சை அவர் ரசித்தார். சமையலறைச் சுவரில் இப்போது கோடு ஒன்று கூடியிருக்கிறது.

இனி வீட்டு விஷயங்களை வேடிக்கையாக எழுத வேண்டாம். நலம் விசாரித்து எழுதினால் போதும். காதுகுத்து சமயத்தில் மாமாவுக்கு ஷிப்ட் மாறுகிறது. நான் வருவதற்கில்லை. பெரியவர்களைக் கேட்டு முறைப்படி யார் மடியிலாவது உட்காரவைத்துச் செய்துகொள்ளுங்கள்.

தினம் ஒரு பொருள். மறந்துவிடாதே.

பார்வதம்


சிங்கப்பெருமாள் கோயில்,
3.9.1997

அக்கா,

நீ அன்பு என்று எழுதுவதை நிறுத்திவிட்டாய். நானும் நிறுத்துகிறேன்.

வருவதற்கில்லையாம்! யார் மடியிலாவது உட்காரவைக்க வேண்டுமாம்! அனு என்ன மளிகைப் பையா, கிடைத்த இடத்தில் வைப்பதற்கு? உனக்காக மாமியாரோடு மூன்று மாதமாக வாய் வலிக்கச் சண்டை போட்டுவிட்டு, இப்போது அவர் முன்னால் போய் எப்படி நிற்பேன்? "பெரிய எடத்து அக்கா, நம்ம வூட்டு வாசப்படி மிதிப்பாளா?" என்று நேற்றே ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. உன்னை இழுத்து இரண்டு அறை விடலாம் போலத்தான் இருந்தது.

இதையும் கேட்டுக்கொள். உன் தினம் ஒரு பொருள் பலித்துவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சாவிக்கு ஒரு நாள், கண்ணாடிக்கு ஒரு நாள் என்று ஆளுக்கு ஓர் ஆணி அடித்தேன். அடித்து முடித்ததும், "இனி எவர் பொருளையும் நான் தேடித் தர மாட்டேன். ஆணியில் இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் போங்கள்" என்று நடுக்கூடத்தில் நின்று சொல்லிவிட்டேன். வீடு ரணகளமானது. மாமனார் கண்ணாடி இல்லாமல் டீக்கடைக்குப் போய் யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு வந்தார். கொழுந்தன் துணி காயப்போடும் கொடிக் கயிற்றால் பேண்ட்டைக் கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனான். நான் அசையவில்லை. இப்போது அவரவர் பொருள் அவரவர் ஆணியில். நான் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போகிறேன். காலையில் பல் தேய்க்கும்போது எனக்கே தெரியாமல் பாட்டு வருகிறது.

இதை உன்னிடம் நேரில் சொல்லிச் சிரிக்கத்தான் ஆசைப்பட்டேன். நீதான் வருவதற்கில்லையே. வராவிட்டால் எனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ரேணுகா


சிங்கப்பெருமாள் கோயில்,
15.10.1997
(கார்த்தி கொண்டுவந்து, சின்னப்பொண்ணு கையில்)

என் அக்காவுக்கு,

இது தபாலில் வராது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் உடம்பு எப்படி என்று இனி நான் கேட்கப் போவதில்லை. கண்ணால் பார்த்துவிட்டேன்.

கார்த்தி செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார். நேற்று நானும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன். உன்னைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வழியெல்லாம் என்ன என்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

கிரில் கேட்டில் வெளியே பூட்டு. வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து நீ, "ரேணு" என்றாய். கதவைத் திற என்றேன். நீ சிரித்தபடி, "சாவி அவர்கிட்ட" என்றாய். எனக்குப் புரிய நேரம் பிடித்தது. ஜூன் மாதமே இதை எழுதிவிட்டாயே அக்கா! சாவி தேடுகிற பாடு உனக்கு இல்லை என்று எழுதினாய். நான் அதை உன் பெருமை என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். நான் ஒரு மடச்சி.

கம்பி வழியாக உன் கையைத்தான் பிடிக்க முடிந்தது. நீ போகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். "பக்கத்து வீட்டில் பார்க்கிறார்கள், போ." பார்த்தால் என்ன? இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார்கள்? மார்க்கெட்டுக்கு வந்து சின்னப்பொண்ணைத் தேடிப் பிடித்தேன். "நீ அவுங்க தங்கச்சியா? அந்தாளு காலைல பூட்டிக்கினு போய்ட்டார்னா சாயந்திரம்தான் தொறப்பாரு. மீனைக் கம்பிச் சந்துலதான் குடுத்துகினு கீறேன். வருசக் கணக்காச்சு. எவனும் இன்னான்னு கேக்கல" என்றாள். மீன் விற்கிறவளுக்குத் தெரிந்தது உடன்பிறந்தவளுக்குத் தெரியவில்லை.

கார்த்தி கடப்பாரையை வேனிலேயே வைத்திருக்கிறார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூட்டை உடைக்கிறோம். போலீஸ் ஸ்டேஷன் போவதானாலும் நான் தயார். அந்த மனுஷனை இனி மாமா என்று கூப்பிட என் வாய் வராது.

ரேணு


புதுப்பட்டினம்,
18.10.1997
(சின்னப்பொண்ணு கையில்)

என் ரேணுவுக்கு,

உனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைத்தாயா?

எனக்கு உன் மேலும் கோபம். நீ விளையாட்டாகக் கடிதம் எழுதினாய். இந்த வீட்டுக்கு வருகிற தபாலை அவர்தான் பிரிப்பார், போகிற தபாலை அவர்தான் படித்து ஒட்டுவார். அன்று சாயங்காலம் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "தங்கச்சி ஆசைப்பட்டுட்டாளே" என்று பெயிண்டையும் பிரஷையும் எடுத்து வந்தார். சமையலறைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். நின்றேன். தலையிலிருந்து கால் வரைக்கும் கோடு போட்டார். கையை அசைக்காதே, கோடு கோணும் என்றார். முழங்கையில் பட்ட பெயிண்டை மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன். கேட் வழியாகப் பார்த்து, அது என்ன சுவரில் ஓதமா என்று கேட்டாயே, அது நான்.

அவர் அடித்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஒரு கரண்டி கோட்டுக்குள் இல்லாவிட்டால் அலமாரி முழுவதையும் தரையில் கவிழ்த்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், நான் திருப்பி அடுக்கும் வரைக்கும். அம்மா செத்த வருஷம் ஒருமுறை சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன். சாவிக்குப் பொறுப்பில்லாதவள் என்று அன்றைக்குப் பூட்ட ஆரம்பித்தவர்தான். ஊரில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? பெண்டாட்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற மனுஷன்.

அதனால் கடப்பாரை வேண்டாம். பூட்டை உடைத்தால் ஓடிப்போனவள் என்பார்கள், ஊரே அவர் பக்கம் நிற்கும். வெறும் கையோடு வர மாட்டேன். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட் இருக்கிறது, அம்மாவின் அரக்குச் சேலை இருக்கிறது, என் கொலுசு இருக்கிறது. அத்தனையும் என்னுடையவை. ஒன்றையும் அவருக்கு விட்டுவைக்க மாட்டேன்.

பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பத்திரிகைத் துண்டுகளைப் படித்தேன். தினம் ஒரு பொருள் என்று எழுதியது உனக்குச் சொன்ன புத்திமதி இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டது. இனி அதைச் செய்யப் போகிறேன். சின்னப்பொண்ணின் கூடையில் வாழை இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக வரும். கார்த்தி தம்பியிடம் சொல்லி வை.

தைக்கு நான் வருகிறேன். இதைக் கேட்கத்தானே இத்தனை சண்டை போட்டாய்?

அக்கா


புதுப்பட்டினம்,
27.10.1997
(தபாலில்)

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

மாமா சுகம். உங்கள் எல்லோருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்து. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அனுவுக்கு மத்தாப்பு மட்டும் கொடு, வெடி வேண்டாம்.

இங்கே வீடு எப்போதும் போல ஒழுங்காக இருக்கிறது. தினம் ஒரு பொருள் என்று செய்துவருவதால் எனக்கு மனசு அமைதியாக இருக்கிறது. மாமாவும் நான் முன்னைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
பார்வதம்


சிங்கப்பெருமாள் கோயில்,
20.12.1997
(சின்னப்பொண்ணு கையில்)

என் அக்காவுக்கு,

தீபாவளிக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கார்த்தியைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

எல்லாம் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. சேலை, கொலுசு, பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை, அம்மா அப்பா போட்டோ. சர்டிபிகேட் வந்த அன்றைக்கு மாமியார் கையில் சிக்கிவிட்டது. "இன்னாடி இது, காயிதத்துல வஞ்சிரம் வாசன அடிக்குது?" என்றார். மறைக்க முடியவில்லை. பூட்டைப் பற்றி, சுவரில் போட்ட கோட்டைப் பற்றி எல்லாம் சொன்னேன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். பிறகு கத்தினாரே ஒரு கத்து! "பொம்பளையப் பூட்டி வெக்க அவ இன்னா பட்டி மாடா? அவன் மட்டும் இந்தப் பக்கம் வரட்டும், வெளக்குமாறு பிஞ்சிடும்." ஆறு மாதமாக என்னோடு சண்டை போட்ட அதே மாமியார் முனியம்மாதான். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

காதுகுத்து தை கடைசி ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. யார் மடி என்று கேட்ட பங்காளிகளிடம், "பெரியம்மாகாரி மடி. எவனுக்கு வலிக்குது?" என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் என்னவென்றால், இவ்வளவு பொருள் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறது, அந்த மனுஷன் கண்ணில் படாமலா இருக்கும்? அவர் ஒரு கரண்டியை விடாதவர் ஆயிற்றே. சீக்கிரம் முடிவு செய்.

ரேணு


புதுப்பட்டினம்,
18.1.1998
(சின்னப்பொண்ணு கையில்)

என் ரேணுவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? நான் நன்றாக இருக்கிறேன். பல வருஷம் கழித்து இதை உண்மையாக எழுதுகிறேன்.

பயப்படாதே. அவர் தினமும் சாயங்காலம் பார்க்கிறார், எல்லாக் கோடும் நிரம்பியிருக்கிறது. தோசைத் திருப்பி இருக்கிறது, கரண்டி இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது. நன்றாக வைத்திருக்கிறாய் என்று போன வாரம் பாராட்டினார். என் பொருள் எதற்கும் அவர் கோடு போடவே இல்லை ரேணு. எல்லாம் கட்டிலடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து அதை அவர் திறந்து பார்த்ததில்லை. போனது அவருக்கு எப்படித் தெரியும்? முதலில் இது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது வந்தது பார் ஆத்திரம்! இத்தனை வருஷமும் இந்த வீட்டில் என்னுடையது என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

நேற்றோடு பெட்டி காலி. இனி நான்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் என்னை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவார். நாலு பேர் பார்க்க ஜோடியாக நடப்பது அவருக்குப் பிடிக்கும். கார்த்தி தம்பி வேனை வெங்காயக் கடை எதிரில் நிறுத்தட்டும், முன் கதவைத் திறந்து வைக்கட்டும். கடப்பாரை வேண்டாம், ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம். நான் நடந்து போய் ஏறுவேன். நாலு பேர் முன்னால் அவர் சத்தம் போட மாட்டார். அவருடைய நல்ல பெயர் எனக்கு அன்றைக்கு ஒரு நாளாவது உதவட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு நல்ல காரியம் இருக்கிறது.

அக்கா


புதுப்பட்டினம்,
27.1.1998
(தபாலில்)

திருமதி ரேணுகாவுக்கு,

சதாசிவம் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நடந்தது என் மரியாதைக்கு உகந்ததல்ல. சின்னராசு கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சென்று உங்கள் வேனில் ஏறிவிட்டாள். தெரிந்தவர்கள் இருந்ததால் நான் அமைதி காத்தேன். உங்கள் வீட்டில் அவசரம் என்று கேட்டவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டை முழுவதும் சரிபார்த்தேன். எந்தப் பொருளும் குறையவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எனவே அவள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதும், ஏதோ மனக்குழப்பத்தில் வந்திருக்கிறாள் என்பதும் தெளிவாகிறது. நான் அவளை அடித்ததோ திட்டியதோ இல்லை. குறை என்று ஒன்றைச் சொல்லட்டும். இந்த மாத முடிவுக்குள் அவளைக் கொண்டுவந்து விடவும்.

இப்படிக்கு,
சதாசிவம்


சிங்கப்பெருமாள் கோயில்,
10.2.1998

புதுப்பட்டினம் சதாசிவத்துக்கு,

ரேணுகா எழுதுவது. நீங்கள் நலம் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை இங்கே நடுக்கூடத்தில் சத்தமாகப் படித்தோம். நீங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்தான். நீங்கள் வந்தால் பேசுவதற்கு என் மாமியார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் என்ன வைத்திருக்கிறார் என்று எழுதப் போவதில்லை, வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் எதுவும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சர்டிபிகேட் போயிருக்கிறது. எங்கள் அம்மா சேலை போயிருக்கிறது. கொலுசு, கோப்பை, போட்டோ, அக்காவின் துணிமணி அத்தனையும் உங்கள் கண் முன்னால் மூன்று மாதமாகப் போயிருக்கிறது. வீடு முழுவதும் சரிபார்த்துவிட்டு ஒன்றும் குறையவில்லை என்கிறீர்களே, அதைவிடப் பெரிய குறையை அக்கா உங்கள் மேல் சொல்ல வேண்டுமா? அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வக்கீலிடம் போனால் அதைத்தான் முதலில் காட்டுவோம்.

முந்தாநாள் அனுவுக்குக் காதுகுத்து நடந்தது. அக்கா அரக்குச் சேலை கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். அனு அவள் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கக் கத்தினாள். அக்காவும் சேர்ந்து கத்தி அழுதாள். ஆசாரி பயந்துபோய், யாருக்கு வலிக்கிறது என்று கேட்டார். அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பங்காளிகளில் ஒருவர்கூட அந்த மடியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

செங்கல்பட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அக்காவை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுச் சாவி ஒன்று அவள் பெயர் எழுதிய ஆணியில் தொங்குகிறது. இன்று வேலைக்கு முதல் நாள். கிளம்புகிற நேரத்தில் ஒரு கால் செருப்பைக் காணோம். கட்டிலடி, மாட்டுக்கொட்டகை, தவிட்டு மூட்டை எல்லாம் தேடினாள். நான் வாசலில் காத்து நின்றேன். எனக்குத்தான் பஸ் போய்விட்டது. அக்கா சிரித்துக்கொண்டே வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒருத்தரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கவில்லை.

உங்கள் சமையலறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கோடு போட்டீர்களே, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அதை ஒரு பார்வை பாருங்கள். தினமும் பாருங்கள்.

ரேணுகா